ஐசிஎஃப்பியை வீட்டில் பாருங்கள், ஐசிஎல்பிக்கு நேரில் போங்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம். கணினி நிரல் எழுதுகிற ஃபங்ஷனல் மொழிகளுக்கும் லாஜிக் மொழிகளுக்கும் உலகம் முழுக்க நடக்கிற ஆய்வு மாநாடுகளில் பெரியது, ஃபங்ஷனல் பக்கத்து ஐசிஎஃப்பி. அதை வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். லாஜிக் மொழிகளுக்கான ஐசிஎல்பி, இரண்டுக்கும் பொதுவான ஃப்ளாப்ஸ், பேடில் போன்ற சின்னவற்றுக்கு வழி கிடைத்தால் கைக்காசைப் போட்டாவது நேரில் போங்கள். மற்ற வாத்தியார்கள் இதை அப்படியே தலைகீழாகச் சொல்வார்கள். "போனா பெரிய இடத்துக்குப் போகணும்ப்பா, பயோடேட்டாவுல வெயிட்டா இருக்கும்" என்பார்கள். பயோடேட்டாவுக்காகப் போகிறவர்களுக்கு அது சரி. இது மற்றவர்களுக்கு.

நான் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கோவை எல்லையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில், வகுப்பு பாதி ஆங்கிலத்தில். ஊரில் என்னை மாஷ் என்பார்கள், கல்லூரியில் சார். இந்த மாநாடுகளில் சிலவற்றுக்கு நேரில் போயிருக்கிறேன், பலவற்றை லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் என் சொந்தச் செலவு. அதனால் செலவழித்த காசுக்கு என்ன கிடைத்தது என்றுதான் என் கணக்கு போகும்.

பொருள் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சி, ஜாவா எழுதும்போது இதைச் செய், அப்புறம் அதைச் செய் என்று கணினிக்கு வரிசையாகக் கட்டளை போடுகிறோம். ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங், ஸ்கீம் போன்ற ஃபங்ஷனல் மொழிகளில் கணக்குப் பாடத்தில் வரும் சார்புகளைக் கோத்துக் கோத்து விடையை எழுதுகிறோம். லாஜிக் மொழியில் வேலையே வேறு. உண்மைகளையும் விதிகளையும் எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டியதுதான். அதில் மூத்தது புரோலாக். 1972-ல் பிரான்சின் மார்செய் நகரத்தில் அலன் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூசெலும் உருவாக்கியது. அதன் அடியில் இருக்கும் தர்க்கத்தில் ராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

புரோலாக் பாடப் புத்தகம் எல்லாமே குடும்ப மரத்தில்தான் ஆரம்பிக்கும்: அப்பா, அம்மா, தாத்தா. நம் பிள்ளைகளுக்கு அது உப்புச்சப்பில்லாத உதாரணம். நான் முறைப்பெண்ணில் ஆரம்பிப்பேன். எஸ்டபிள்யூஐ புரோலாக் என்ற மென்பொருளில் தமிழிலேயே எழுதலாம். புரோலாக்கில் மாறிகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கும்; தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்பதால், மாறிகளுக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முறைப்பெண்(_பெண், _பையன்) :- தாய்(_அம்மா, _பையன்), உடன்பிறந்தான்(_மாமன், _அம்மா), தகப்பன்(_மாமன், _பெண்), பெண்(_பெண்).

பையனுடைய அம்மாவின் உடன்பிறந்தான் மாமன், அந்த மாமன் பெற்ற பெண் முறைப்பெண் என்று இதைப் படிக்க வேண்டும். அத்தை மகளுக்கு இதே மாதிரி இன்னொரு விதி. இதை எழுதிவிட்டு, "இந்தப் பையனுக்கு முறைப்பெண் யார்?" என்று கேட்டால் பதில் வரும். அதே விதியைத் திருப்பிப் போட்டு, "இந்தப் பெண் யாருக்கெல்லாம் முறை?" என்று கேட்டாலும் பதில் வரும். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஹாஸ்கெலில் எழுதிய சார்பு ஒரு பக்கம்தான் ஓடும், இது இரண்டு பக்கமும் ஓடும். வகுப்பில் இந்த இடத்தில்தான் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இதுல பொண்ணுக்குச் சம்மதம்னு ஒரு கண்டிஷன் சேக்கலாங்களா?" என்று கேட்டாள். சேர்த்தோம். பட்டியல் பாதியாகக் குறைந்தது.

அடுத்த வாரம் பங்காளி உறவு. இவன் அவனுக்குப் பங்காளி என்றால் அவனும் இவனுக்குப் பங்காளிதானே என்று பையன்கள் உடனே ஒரு விதி எழுதுவார்கள். எழுதி ஓட்டினால் புரோலாக் இவனைக் கேட்டு அவனிடம் போகும், அவனைக் கேட்டு இவனிடம் வரும், நிஜப் பங்காளிச் சண்டை மாதிரி முடிவே இல்லாமல் சுற்றும். இதற்கு மருந்து டேப்லிங். கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் ஒரு அட்டவணையில் குறித்து வைத்துக்கொண்டு, அதே கேள்வி திரும்ப வந்தால் புதிதாகக் கிளம்பாமல் அட்டவணையைப் பார்ப்பது. 1986-ல் லண்டனில் நடந்த ஐசிஎல்பியில் ஹிசாவோ தமாகியும் தைசுகே சாட்டோவும் இப்படி ஒரு முறையைக் கட்டுரையாகப் படித்தார்கள். பிறகு நியூயார்க் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் வாரன் குழு எக்ஸ்எஸ்பி என்ற புரோலாக்கில் அதை முழுதாக வளர்த்தது. இன்று எஸ்டபிள்யூஐ புரோலாக்கில் கோப்பின் தலையில் ஒரு வரி போட்டால் போதும், பங்காளிகள் சுற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

இந்த மாநாடுகள் வகுப்பறையைத் தொடுகிற இடம் இதுதான். ஒரு ஆள் மேடையேறி இருபத்தைந்து நிமிடம் பேசிய விஷயம், பல வருடம் கழித்து எல்லையோரத்துக் கல்லூரி லேபில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐசிஎல்பி 1982-ல் அதே மார்செயில் தொடங்கியது. 2003 டிசம்பரில் அது மும்பைக்கு வந்தது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில். நான் அப்போது மேல்படிப்பில் இருந்தேன். அப்போதெல்லாம் ஒலவக்கோட்டில், அதாவது பாலக்காடு ஜங்ஷனில், ஜெயந்தி ஜனதா ரயிலைப் பிடித்தால் நேராக மும்பை. ஸ்லீப்பரில், அம்மா கட்டித் தந்த புளிச்சோறு ரேணிகுண்டா தாண்டியும் கெடவில்லை. டாடா நிலையம் கொலாபாவின் கடைசியில், கடலை ஒட்டி இருக்கிறது. முன் கூடத்துச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு எம். எஃப். உசேன் வரைந்த ஓவியம். ஆராய்ச்சி நிலையம் என்றால் பச்சைச் சுவரும் இரும்பு அலமாரியும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்தக் கூடத்தைத் தாண்டவே கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கும் "இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்" உங்களுக்கும் தெரிந்திருக்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, முதன்மை விருந்தினர் முக்கால் மணி நேரம், தாளாளர் இன்னொரு முக்கால் மணி நேரம். கட்டுரை படிக்கிறவனுக்கு ஐந்து நிமிடம். கேள்வி உண்டா என்று கேட்டுக்கொண்டே மைக்கை அணைத்துவிடுவார்கள். சாயங்காலம் சான்றிதழ். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். மும்பையில் யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. காலையில் ஒருவர் எழுந்து கழிப்பறை எந்தப் பக்கம், காபி எங்கே என்று சொன்னார், அடுத்த நிமிடம் முதல் கட்டுரை. பேச்சு முடிந்ததும் கேள்விகள். நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "உங்கள் நிரூபணத்தில் மறுப்பு உள்ளே வரும்போது என்ன ஆகும்?" என்று கேட்டார். மேடையில் நின்றவர் கொஞ்ச நேரம் தன் ஸ்லைடையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியவில்லை, யோசிக்க வேண்டும்" என்றார். நம் ஊரில் அது மானக்கேடு. அங்கே யாரும் அசையவில்லை, கேட்டவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் கேண்டீன் வரிசையில், கையில் தட்டோடு, இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

ஆள் குறைவு என்பதுதான் ஐசிஎல்பியின் பெரிய பலம். ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இரண்டாம் நாள் முகம் பழகிவிடும், மூன்றாம் நாள் நம்மையும் மேசைக்குக் கூப்பிடுவார்கள். டேப்லிங் புரியாமல் நான் தவித்ததை, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் மரம் மரமாக வரைந்து ஒரு ஐரோப்பியப் பேராசிரியர் எனக்கு விளக்கினார். காபி ஆறிவிட்டது, அவர் நிறுத்தவில்லை. இது எந்த வீடியோவிலும் வராது. ஆய்வு மாணவர்களுக்கென்று டாக்டோரல் கன்சார்ஷியம் என்று தனி அமர்வும் உண்டு. பாதி வெந்த ஆராய்ச்சியை அங்கே வைத்துப் பேசலாம், பெரிய ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். புரோலாக் புதிர்ப் போட்டியும் ஐசிஎல்பியின் பழைய வழக்கம்.

குறை இல்லையா என்றால், உண்டு. லாஜிக் பக்கம் தலைகள் நரைத்துவிட்டன. 1982-ல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது லாஜிக் மொழிகளுக்கு வந்த மவுசு, அந்தத் திட்டம் பத்து வருடத்தில் ஓய்ந்ததோடு குறைந்துவிட்டது. இப்போது இளையவர்கள் வருவது பெரும்பாலும் ஆன்சர் செட் புரோகிராமிங் பக்கமாக. விதிகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்துகிற தீர்வுகள் அத்தனையையும் தேடித் தருகிற முறை அது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான கிளிங்கோ என்ற கருவி அதற்குப் பேர் போனது. தேர்வு அட்டவணை, பஸ் நேரம், ஆள் ஒதுக்கீடு எல்லாம் அதில் போடலாம். சமீபத்திய நிகழ்ச்சி நிரல்களைப் புரட்டினால் அந்த வகைக் கட்டுரைதான் கண்ணில் படுகிறது. பழைய புரோலாக் ஆசையோடு போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் கல்லூரியின் தேர்வு அட்டவணையை ஒரு மாணவன் கிளிங்கோவில் போட்டுக் காட்டினான். தேர்வுப் பிரிவு அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, பழையபடி எக்செல் ஷீட்டுக்கே போய்விட்டது.

இனி ஐசிஎஃப்பி. லிஸ்புக்கென்று ஒன்று, ஃபங்ஷனல் மொழிகளுக்கும் கணினி அமைப்புக்கும் என்று ஒன்று, இப்படித் தனித்தனியாக நடந்த இரண்டு மாநாடுகள் சேர்ந்து 1996-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஐசிஎஃப்பி ஆனது. சரக்கைப் பற்றி எனக்கு ஒரு சொல் குறை கிடையாது. 2000-ல் மாண்ட்ரியலில் கூன் கிளாசனும் ஜான் ஹியூஸும் குவிக்செக் பற்றிப் படித்தார்கள். நிரலைச் சோதிக்க நாமே உதாரணங்களை யோசித்து எழுதாமல், "எந்தப் பட்டியலை இரண்டு முறை தலைகீழாக்கினாலும் பழையது வர வேண்டும்" என்கிற மாதிரி ஒரு குணத்தை மட்டும் எழுதினால், கருவியே கன்னாபின்னாவென்று நூறு உதாரணங்களை உருவாக்கி ஓட்டிப் பார்க்கும். தப்பு கிடைத்தால் அதைச் சுருக்கிச் சின்ன உதாரணமாகவும் காட்டும். இன்று பைத்தானில் ஹைப்பாதிசிஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிற பையன்கள் ஹாஸ்கெல் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் சாப்பிடுவது அந்த அடுப்பில் வெந்ததுதான்.

2020-ல் ஓகேமல் மொழிக்குக் கணினிச் செயலியின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் வசதியைச் சேர்ப்பது பற்றிய கட்டுரைக்கு ஐசிஎஃப்பி சிறப்புக் கட்டுரை என்ற அங்கீகாரம் கொடுத்தது. அந்த வேலையில் சென்னை ஐஐடிக்கு முக்கியப் பங்கு. 2022 டிசம்பரில் ஓகேமல் 5 வெளிவந்தபோது அந்த வசதி மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. "இதெல்லாம் வெள்ளைக்காரங்க பண்றது சார்" என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். கிண்டிக்குப் போக கோவையில் ராத்திரி வண்டி ஏறினால் போதும்.

அந்த 2020-ல் கொரோனாவால் ஐசிஎஃப்பி முழுக்க இணையத்தில் நடந்தது. ஒரு பேச்சு அமெரிக்கப் பகலில் ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஆசியாவுக்காக மறுமுறை. ஊரில் இரண்டு பக்கமும் எல்லையை அடைத்து, பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியாத மாதங்கள் அவை. பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டை எடுக்கப் போகிறவனையே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து உலகத்து ஃபங்ஷனல் ஆட்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மச்சான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மச்சான், காசு குடுத்தா பாக்குறீங்?" என்றான். கொஞ்சம்தான் என்றேன். "நல்லா இருக்குதுங்ளா?" நல்லா இருக்குது என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டான்.

2025 அக்டோபரில் ஐசிஎஃப்பி சிங்கப்பூரில், ஸ்பிளாஷ் என்ற இன்னொரு பெரிய மாநாட்டோடு சேர்த்து நடந்தது. கோவையிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம், சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. இதற்கும் போகாவிட்டால் இனி எதற்கும் போக மாட்டோம் என்று போனேன். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவுதான் நமக்குப் பெரிது. ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு. ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங், ஸ்கீம் என்று ஒவ்வொரு மொழிக்காரர்களும் முன்னும் பின்னும் தனிக் கூட்டம் வைப்பது ஐசிஎஃப்பி வழக்கம். இங்கே கேட்டால் அங்கே போய்விடும். காபி இடைவேளையில் அறிமுகம் உள்ளவர்கள் வட்டம் வட்டமாக நிற்பார்கள், அந்த வட்டத்துக்குள் நுழையத் தைரியம் வேண்டும். நான் ஒரு சிங்கப்பூர்த் தமிழ் மாணவனோடு சேர்ந்துகொண்டு நாளைக் கழித்தேன். ராத்திரி தேக்காவில் ஆப்பம் சாப்பிட்டோம், அது அருமை. ஆனால் அங்கே நான் கேட்ட பேச்சுகளின் கட்டுரைகள் எல்லாம் எனக்கு வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். 2017 முதல் ஐசிஎஃப்பி கட்டுரைகள் எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்த இதழில்தான் வருகின்றன. பேச்சுகளின் வீடியோவும், இந்த மாநாட்டை நடத்துகிற சிக்பிளான் அமைப்பின் யூடியூபில் வந்துவிடும். பதிவுக் கட்டணமோ நம் பக்கத்து கெஸ்ட் லெக்சரரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

வீட்டில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எப்படிப் பார்ப்பது என்பதற்கு என் வழி: வரிசையாகப் பார்க்காதீர்கள், சலித்துவிடும். முதலில் "ஃபங்ஷனல் பேர்ல்" என்று குறித்த கட்டுரைகளை எடுங்கள். புதுக் கண்டுபிடிப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. ஒரு சின்ன யோசனையை அழகாக, படிக்கச் சுகமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஹாஸ்கெல் அரைகுறையாகத் தெரிந்தாலே உள்ளே போய்விடலாம். அடுத்து, பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளில் அதிகம் தாக்கம் ஏற்படுத்தியது எது என்று வருடா வருடம் ஒரு விருது கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலை மட்டும் படித்தாலே ஒரு செமஸ்டருக்குத் தாங்கும். ஹாஸ்கெலே தெரியாது என்றால், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் இருவரும் நடத்திய என்பிடெல் இணையப் பாடம் இலவசம்.

ஐசிஎஃப்பியில் நமக்கு நிஜமாகவே ஒத்துவருகிற ஒன்று இருக்கிறது, அது மாநாட்டு அறைக்குள் நடப்பதில்லை. ஐசிஎஃப்பி புரோகிராமிங் போட்டி. 1998 முதல் நடக்கிறது. மூன்று நாள், எழுபத்திரண்டு மணி நேரம். கட்டணம் கிடையாது, வயது கிடையாது, எந்த மொழியிலும் எழுதலாம், எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குத் தனிப் பரிசு உண்டு. ஜெயித்தவர்களுக்குப் பணத்தைவிடப் பெருமைதான் பெரிசு: அவர்கள் பயன்படுத்திய மொழிதான் விவரம் தெரிந்தவர்களின் மொழி என்று மாநாட்டு மேடையிலேயே அறிவிப்பார்கள்.

பழைய கேள்விகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2006-ல் வந்ததை நான் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் கொடுப்பேன். காணாமல் போன ஒரு பழங்காலத்து நிரலாளர் கூட்டத்தின் ஓலைகள் கிடைத்திருக்கின்றன என்று கதை ஆரம்பிக்கும். கையில் ஒரு சின்ன விவரத் தாள், ஒரு பெரிய கோப்பு. தாளில் சொன்னபடி ஒரு கற்பனைக் கணினியை நாமே எழுத வேண்டும். பதினான்கு கட்டளைதான். எழுதி, அந்தக் கோப்பை அதில் போட்டு ஓட்டினால் உள்ளேயிருந்து ஒரு முழு இயங்குதளமே எழுந்து வந்து பயனர் பெயர் கேட்கும். அதற்குள் புதிருக்குள் புதிர். என் மாணவர்கள் வெள்ளிக்கிழமை லேபில் உட்கார்ந்து, கற்பனைக் கணினியைச் சி மொழியில் எழுதி முடித்து, அந்த முதல் எழுத்துகள் திரையில் வந்தபோது போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். பைத்தானில் எழுதிய கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்து அது ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேகம் என்றால் என்ன என்று நான் மேடை போட்டுச் சொன்னாலும் அவ்வளவு புரியாது.

நிஜப் போட்டி நாட்களில் நாங்கள் பட்டியலில் எங்கேயோ கீழே இருப்போம். பரவாயில்லை. வாளையார்க் கணவாய்க் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும், யூபிஎஸ் கத்தும், முக்கு பேக்கரியிலிருந்து கட்டன் சாயாவும் பழம்பொரியும் வரும். அந்த மூன்று நாளில் படிக்கிறதை ஒரு செமஸ்டர் லேபில் படிப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே ஐசிஎஃப்பிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஃப்ளாப்ஸைப் பற்றி நேரில் போன என் பழைய மாணவன் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஃபங்ஷனல், லாஜிக் இரண்டையும் ஒரே கூரைக்குள் உட்கார வைப்பதற்கென்றே ஜப்பானில் பிறந்த மாநாடு அது. கடைசியாக அவன் போனது 2024 மே மாதம் குமமோட்டோவில். ஒரே அறை, ஒரே வரிசை, எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஹாஸ்கெலையும் புரோலாக்கையும் கலந்த கர்ரி என்ற மொழிக்காரர்களைப் பார்க்கவும் தோதான இடம். அந்த மொழியை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஹானுஸ் வளர்க்கிறார். என் முறைப்பெண் விதியை அதில் சார்பாகவும் எழுதலாம், இரண்டு பக்கமும் ஓட்டவும் செய்யலாம். மீனும் சோறும்தான் சாப்பாடு, பையன் சைவம், அதனால் கொஞ்சம் திண்டாட்டம் என்றான்.

2016-ல் ஃப்ளாப்ஸ் கொச்சியில் நடந்தது. அறிவிப்பை அச்செடுத்து, ஆன் டியூட்டி கேட்டு அலுவலகத்தில் கொடுத்த சக ஆசிரியர் ஒருவருக்கு அன்றே அனுமதி கிடைத்துவிட்டது. "கொச்சிதானே, எர்ணாகுளம் வரைக்கும் பஸ் சார்ஜ் போட்டுக்குங்க" என்று எழுதியே கொடுத்தார்கள். அது ஜப்பானில், ஷிகோகு தீவில் இருக்கிற கொச்சி. ஆர்டர் இன்னும் ஃபைலில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேடில் 1999 முதல் நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில், பாப்பிள் என்ற பெரிய மாநாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நடைமுறையில் இந்த மொழிகளை எப்படிப் பயன்படுத்தினோம் என்று சொல்லும் கட்டுரைகள் என்பதால் கோட்பாட்டுப் பயம் உள்ளவர்களுக்கு நல்ல வாசல். லாப்ஸ்டர் என்று இன்னொரு மாநாடு உண்டு, அது நிரலை நிரலே உருவாக்குவது, மாற்றுவது பற்றியது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு, விட்டுவிடுகிறேன்.

ஜனவரி என்றதும் ஒரு புலம்பல். வெள்ளைக்காரர்களுக்குப் புது வருடம் முடிந்து மாநாடு வைக்க அது தோதான காலம். நமக்கு அது பொங்கல். 2015-ல் பாப்பிள் மும்பைக்கே வந்தது, ஜனவரி 15 முதல் 17 வரை. பெரும் பொங்கல், மாட்டுப் பொங்கல், அடுத்த நாள். வீட்டில் மாடு இருக்கிறது, அம்மா இருக்கிறார். "மாட்டுக்குக் கொம்பு சீவிப் பொட்டு வெக்கற நாள்ல கம்ப்யூட்டர் கூட்டமாடா?" என்றார். போனேன், ஆனால் திரும்பி வந்து ரொம்ப நாள் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

இன்னொரு புலம்பல் நம் பக்கத்தில். நம் கல்லூரிகளில் மாநாடு என்றாலே முதல் கேள்வி "ஸ்கோப்பஸ்ல வருதா?" என்பதுதான். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியல் போடுகிற தளம் அது. கட்டுரையை யார் படித்தார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. ஐசிஎல்பி கட்டுரைகள் கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஆய்விதழில் வருகின்றன, அது எந்தப் பட்டியலிலும் நிற்கும். இருந்தும் "கான்ஃபரன்ஸ்னு போட்டிருக்கே, ஜர்னல்னு இல்லையே" என்று ஃபைலைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றுதான்.

போக ஆசைப்படும் மாணவர்களுக்குக் கடைசியாக வழிவகை. ஐசிஎஃப்பி, பாப்பிள் போன்றவற்றில் ஸ்டூடண்ட் வாலண்டியராகச் சேர்ந்தால் பதிவுக் கட்டணம் மிச்சம். மைக் கொடுப்பது, அறையில் ஆள் எண்ணுவது, வந்தவர்களுக்குப் பேட்ஜ் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அதோடு பெரிய ஆட்கள் எல்லாரும் உங்களிடம் வந்துதான் வழி கேட்பார்கள், அந்த வட்டத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிஎல்எம்டபிள்யூ என்று புது மாணவர்களுக்காக ஒரு நாள் பயிலரங்கு 2012 முதல் நடக்கிறது. அதற்கு விண்ணப்பித்து இடம் கிடைத்தால் பயணச் செலவுக்கும் உதவி கிடைக்கும். விண்ணப்பத்தில் "ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரிகார்ட்ஸ்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் வணக்கம் போடாதீர்கள். எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதை வைத்து என்ன எழுதிப் பார்த்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், இதைச் சொன்னால் போதும். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். அட்டையில் ஒரு முகவரி, படிப்பு இன்னொரு மாநிலத்தில் என்று இருக்கிற நம் எல்லைப் பிள்ளைகளுக்குப் போலீஸ் விசாரணை இழுக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டுக் கடிதம் வந்த பிறகு அதற்காக ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தால் மாநாடு முடிந்துவிடும்.